நோட்டுப் புத்தகம் மறக்காது

எங்கள் நவி மும்பை கோபர்கைரனேயில் தமிழ்ப் புத்தகம் இரவல் தரும் இடத்தில், மேஜைமேல் ஒரு நீள நோட்டு விரித்தே கிடக்கும். பெயர், பில்டிங், மொபைல் எண், எடுத்த புத்தகம் எல்லாம் அதில். நண்பருக்காக விவாகரத்துச் சட்டக் கையேடு ஒன்றை எடுத்தேன். இரண்டு நாள் கழித்து லிஃப்டில் பக்கத்து பில்டிங் மாமி, "ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று வழக்கத்தைவிடக் கனிவாக விசாரித்தார். அவர் சர்க்கரை நோய்ப் புத்தகம் எடுத்தது எனக்கும் தெரியும்.

மாமி பார்த்தால் வம்போடு போகும். போலீஸ் பார்த்தால்?

பன்வெல் வண்டி ஏறினால் பேலாப்பூர் கொஞ்ச தூரம்தான். அங்கே அக்ரோலியில் பி.டி. ரணதிவே பெயரில் மார்க்சிஸ்ட் கட்சியின் நூலகக் கட்டடம். எல்கார் பரிஷத் பயங்கரவாத வழக்கில் தலோஜா சிறையிலிருந்த செயல்பாட்டாளர் கௌதம் நவ்லகாவை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வீட்டுக்காவலுக்கு அனுப்பியபோது, அவர் தங்கியது அங்கேதான். நூலகத்திலா என்று தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. ஆட்சேபித்தது, எடுபடவில்லை. போலீஸ் வந்தது, கேமரா வந்தது. 2024 மே மாதம் ஜாமீன் கிடைத்தபோது காவல் செலவுக்கென்று 20 லட்சம் ரூபாய் அவரையே கட்டச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஒரு நாவலை இரவல் வாங்க அந்தப் படியேற எனக்கு மனம் வந்திருக்காது.

அதே வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட வெர்னன் கோன்சால்வஸிடம், போலீஸ் கைப்பற்றிய புத்தகங்களை ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் கேட்டது. அதில் ஒன்றின் பெயரைக் கேட்டு, டால்ஸ்டாயின் நாவலா என்று நாடே சிரித்தது. அது ஜங்கல்மஹால் பற்றிய வேறொரு நூல் என்பது பிறகே விளங்கியது. வன்முறையைத் தூண்டும் நூலாகவே இருந்தாலும், கையில் வைத்திருப்பது மட்டுமே பயங்கரவாதக் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2023 ஜூலை ஆயிற்று. அதுவரை அவர் சிறையில்.

பழைய நூலகர்களுக்கு மறக்கத் தெரிந்திருந்தது. பிரௌன் முறையில் புத்தக அட்டையை உங்கள் டிக்கெட்டுக்குள் செருகி, தவணைத் தேதிப்படி தட்டில் அடுக்குவார்கள். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள், டிக்கெட் உங்கள் கைக்கு. யார் எதைப் படித்தார் என்பதற்குச் சுவடே இராது. தனியுரிமைக்காகச் செய்த ஏற்பாடில்லை. வேலை சுலபம், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் அப்படி விடாது. ஆனால் பல நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா மென்பொருளில், புத்தகம் திரும்பியதும் வாசகர் பெயரை அந்தப் பதிவிலிருந்து நீக்கிவிட வசதி உண்டு. யாராவது அதைத் தேடிப்போய் இயக்க வேண்டும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கம் முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது. அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அதே சட்டத்தில் விலக்கும் உண்டு.

போன வாரம் நோட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு சீட்டு வைக்கலாமே என்றேன். "நோட்டை யாரு சார் பாக்கப்போறா?" என்றபடி புத்தகம் தரும் அண்ணாச்சி கையெழுத்துக்காக அதை என் பக்கம் திருப்பினார். மேல் வரியில் மாமி: இந்த முறை மூட்டுவலி.