காலையில் ஓர் உயரம், மாலையில் ஓர் உயரம்

காலையில் எழுந்தவுடன் அளந்த உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கலாம். இது நோயல்ல. இங்கிலாந்துப் பாதிரியார் வாஸ் 1724-ஆம் ஆண்டிலேயே இதை எழுதி வைத்தார்.

என்ன காரணம்? முதுகெலும்புகளுக்கிடையே 23 வட்டுகள் உள்ளன. அவை நீர் நிறைந்த மெத்தைகள் போன்றவை. பகலில் மேலுடலின் பாரம் அழுத்த, நீர் மெல்லக் கசிகிறது. இரவில் படுத்ததும் மீண்டும் ஊறுகிறது. எடையே தெரியாத விண்வெளியில் வீரர்களின் உயரம் 3 விழுக்காடு வரை கூடுகிறது!

கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் நாள் முழுக்க அமர்ந்திருப்பவர், 'உட்கார்ந்துதானே இருக்கிறேன், முதுகுக்கு ஓய்வுதானே' என்று நினைக்கலாம். அது தவறு. உட்கார்ந்தாலும் வட்டுக்குப் பாரம் உண்டு. கூனி உட்கார்ந்தால் இன்னும் அதிகம். வட்டுக்குள் இரத்தக் குழாய் இல்லை. சுற்றிலுமிருந்து ஊறி வரும் சத்துதான் அதற்கு உணவு. ஆகவே, அரை மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடப்பது நல்லது.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். இரவு தூங்கியும் திரும்பாத உயரக் குறைவு வேறு வகை. வயதான தாயார் இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், எலும்பு வலுவிழந்து நொறுங்கியிருக்கலாம். 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை, காலை வேளையிலேயே அளந்து குறித்து வாருங்கள்.