வனிலாப் பொடிக்கு என்ன விலை?

கிலோ ஒன்றுக்கு இத்தனை டொலர் என்று ஏற்றுமதி அட்டவணை சொன்னால் நம்பத் தோன்றும். தேயிலைக்கு நம்பலாம். கறுவாவுக்கும் ஓரளவு நம்பலாம். அரைத்த வனிலாவுக்கு எதிரே இருக்கிற கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு யாரும் கொடி நடவும் வேண்டாம், நட்டதைப் பிடுங்கவும் வேண்டாம். கொழும்பில் வாசனைப் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சுங்கப் பத்திரம் நிரப்பும் வேலை பார்த்தவள் நான். சொந்த ஊர் யட்டியாந்தோட்டை. அந்தக் கட்டத்துக்குள் எண் எப்படிப் போய் உட்காருகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் மாமா றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வேலை ஓய்ந்த பிறகு வீட்டுக்குப் பின்னால் கிளிரிசிடியாக் கம்பு ஊன்றி மிளகையும் வனிலாவையும் ஏற்றிவிட்டார். பூக்கிற காலத்தில் விடிந்ததும் மாமி ஈர்க்குக் குச்சியோடு கொடிக்குப் போய்விடுவார். வனிலாப் பூ ஒரு காலையில்தான் விரியும், மத்தியானத்துக்குள் வாடிவிடும். பூவை இடக்கையில் பிடித்து, உதட்டைக் கீறி, நடுவிலிருக்கும் மெல்லிய தடுப்பை ஈர்க்கால் தூக்கி, மகரந்தத்தைப் பெருவிரலால் அமுக்கிவிட வேண்டும். இந்த முறையை 1841இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். அதன் பிறகுதான் மெக்சிகோவுக்கு வெளியே வனிலா ஒரு வியாபாரப் பயிரானது. மாமி ஒரு பூவுக்குச் செலவிடுவது சில விநாடிதான். காய் முற்ற எட்டு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்.

மாமா போனில் கேட்டார்: "புள்ள, வெளிநாட்டுல பவுடருக்கு நல்ல வெலையாமே. காயா குடுக்காம நாமளே அரைச்சுக் குடுத்தா என்னா?"

நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

உலக நாடுகள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் சுங்கக் குறியீட்டில் வனிலாவின் எண் 0905. 2012ஆம் ஆண்டிலிருந்து அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முழுக் காய் 0905.10, நொறுக்கியது அல்லது அரைத்தது 0905.20. இந்த இரண்டாவது எண்ணின் கீழ்தான் "அரைத்த வனிலாவின் விலைப்போக்கு" என்று சொல்லப்படுவதெல்லாம் வருகிறது. அந்த ஒரே எண்ணுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொடிகள் அடங்கும். நல்ல காயைப் பதப்படுத்தி, உலர்த்தி, முழுதாக அரைத்த பொடி ஒன்று. சாறு எடுக்கும் தொழிற்சாலையில் மதுசாரத்தில் ஊறி வாசம் எல்லாம் போன சக்கையைக் காயவைத்து அரைத்தது இன்னொன்று. ஐஸ்கிரீமில் கறுப்புக் கறுப்பாகத் தெரியும் புள்ளிகள் பல நேரம் இந்தச் சக்கைதான். முதலாவதன் விலைக்குப் பக்கத்தில்கூட இரண்டாவது வராது.

நம்மூர் பேக்கரியில் கேக்குக்குப் போடும் வெள்ளை வனிலாத் தூள் இந்தக் கணக்கிலேயே சேராது. அது செயற்கை வனிலின். 1874இல் ஜெர்மனியில் தயாரித்துக் காட்டிய இரசாயனம்; அதன் சுங்க எண்ணே வேறு, 2912.41. கிலோ சில பத்து டொலருக்குள் கிடைத்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. விளக்குவதற்காக நான் போடும் எண்கள்தான். ஒரு வருடம் நல்ல பொடி 5 கிலோ, கிலோ 400 டொலர்படி போகிறது. அதே வருடம் சக்கைப் பொடி 100 கிலோ, கிலோ 20 டொலர்படி போகிறது. மொத்தம் 105 கிலோ, 4,000 டொலர். சராசரி 38 டொலர். அடுத்த வருடம் சக்கைப் பொடி போகவில்லை, நல்ல பொடி மட்டும் அதே விலைக்குப் போகிறது. சராசரி 400 ஆகிவிடும். அட்டவணையைப் பார்ப்பவருக்கு விலை பத்து மடங்கு ஏறியதாகத் தெரியும். சந்தையில் ஒரு சதம்கூட ஏறவில்லை. இலங்கையைப் போல வனிலாவை மிகச் சிறிய அளவில் அனுப்பும் நாட்டில் ஒரே ஒரு பார்சல் வருடத்தின் சராசரியைப் புரட்டிப் போட்டுவிடும். இதற்கு மேல் இன்னொன்று: ஏற்றுமதியைக் கப்பலில் ஏற்றும் வரையான விலையில் பதிகிறார்கள், இறக்குமதியைக் காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்த்த விலையில் பதிகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "வெளியே மலிவாக விற்று உள்ளே விலைக்கு வாங்குகிறோம்" என்று கோபப்படுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும்.

அப்படியென்றால் உண்மை விலை எங்கே தீர்மானமாகிறது? மடகாஸ்கரில். உலக வனிலாவில் ஐந்தில் நாலு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. 2000இல் ஹூடா சூறாவளி அடித்தது, 2002இல் அரசியல் குழப்பம் வந்தது, 2003, 2004 வாக்கில் பதப்படுத்திய காயின் விலை கிலோ 500 டொலரை எட்டியது. அந்த விலையைக் கேட்டுக் கேரளத்தில் இடுக்கியிலும் வயநாட்டிலும் ஆட்கள் மிளகைக்கூட விட்டுவிட்டு வனிலாவுக்குப் பாய்ந்தார்கள். கொடி காய்க்க மூன்று வருடமாவது வேண்டும். காய் வந்தபோது விலை சரிந்து கிடந்தது. பிறகு 2015இல் நெஸ்லே போன்ற பெரிய கம்பனிகள் அமெரிக்காவில் செயற்கை வாசனையை விடப்போவதாக அறிவித்தன, 2017 மார்ச்சில் மடகாஸ்கரில் எனாவோ சூறாவளி வந்தது, விலை 600 டொலர் வரை ஏறி வெள்ளியையே தாண்டியது. திருட்டுக்குப் பயந்து அங்கே காய்களில் ஊசியால் அடையாளம் குத்தினார்கள். பிஞ்சிலேயே பறித்ததால் தரமும் கெட்டது. 2020இல் மடகாஸ்கர் அரசு 350 டொலருக்குக் குறைய விற்கக்கூடாது என்றது, பின்னர் 250 ஆக்கியது, 2023இல் கட்டுப்பாட்டையே எடுத்தது. தேங்கிக் கிடந்த சரக்கு வெளியே வந்ததும் விலை 100 டொலருக்கும் கீழே இறங்கியது.

மாமாவுக்கு இந்த வீழ்ச்சி முழுதாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் நமது ரூபாய். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதத்தில் 360 ஆனது. 100 டொலர் சரக்கு 20,000 ரூபாயிலிருந்து 36,000 ரூபாயாகத் தெரிந்தது. காய் வாங்கும் கடைக்காரர் கொடுத்த காசு கூடியது, உரத்தின் விலையும் அரிசியின் விலையும் அதைவிட வேகமாகக் கூடின. ஆகவே விலையை ரூபாயில் மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பக்கத்திலேயே அன்றைய டொலர் மதிப்பையும் எழுதி வையுங்கள்.

இனி அரைக்கும் கதைக்கு வருவோம். நன்றாகப் பதப்படுத்திய காயில் ஏறக்குறைய 30 வீதம் ஈரம் இருக்கும். கையில் எடுத்தால் எண்ணெய்ப் பசையோடு வளையும். அதை அப்படியே அரைத்தால் மெஷினில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தை 10 வீதத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு கிலோ காய் 780 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். அரைவைக் கூலியும் பக்கெற்றும் சேர்க்காமலே, பொடிக்குக் காயைவிட 30 வீதம்வரை கூடுதல் விலை கிடைத்தால்தான் போட்ட காசு வரும். அந்தக் கூடுதல் விலை சிறு விவசாயிக்குக் கிடைப்பதும் கஷ்டம். முழுக் காயைப் பார்த்ததும் நீளம், மினுக்கம், வெடிப்பு எல்லாம் தெரியும். பொடியில் சக்கை கலந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. வாங்குபவர் ஆய்வுகூட அறிக்கை கேட்பார், வனிலின் எத்தனை வீதம் என்று கேட்பார். ஆறேழு கிலோவுக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால்தான் உடைந்ததும் வெடித்ததும் குட்டையானதும் அரைவைக்குப் போகின்றன, நல்ல காய் காயாகவே போகிறது.

மாமா இழக்கும் காசு அரைவையில் இல்லை, அதற்கு முந்திய படியில் இருக்கிறது. அவர் விற்பது பச்சைக் காய். ஐந்தாறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ பதப்படுத்திய காய் வரும். 65 பாகை வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வியர்க்கவிட்டு, நாளுக்குச் சில மணி நேரம் வெயில் காட்டி, பிறகு வாரக்கணக்கில் நிழலில் உலர்த்தி, மாதக்கணக்கில் மூடி வைக்க வேண்டும். பொறுமையும் இடமும் கேட்கும் வேலை. களனி கங்கைப் பள்ளத்தாக்கில் மழை விடாமல் பெய்யும் ஊர் நம்முடையது. வெயிலை நம்பி ஒரு வீட்டில் தனியாகச் செய்தால் பூசணம் பிடிக்கும். பத்து வீட்டுக்காரர் காயைச் சேர்த்து ஒரு சிறு உலர்த்தும் அறை போட்டால் முடியும். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் வனிலாவையும் தன் பயிர்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அதன் விரிவாக்க உத்தியோகத்தரைப் போய்ப் பார்க்கலாம். மாவனெல்லைப் பக்கத்து வாசனைத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகளுக்குக் காயை எண்ணி விற்கிறார்கள். கிலோவுக்கு 250, 300 காய் தேறும் என்பதை வைத்து, ஒரு காயின் விலையிலிருந்து பெருக்கிப் பாருங்கள்.

"அரைக்க வேணாம் மாமா, அவிச்சுக் காயப் போடப் பழகுவோம்" என்றேன். பக்கத்து லயத்தில் கொடி வைத்திருக்கும் ஆட்களின் பேரை அவர் உடனே சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டேன்.