அறநிலையக் கணினியும் உரிமமும்

திருவரங்குளம், புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ளதொரு பழம்பதி. ஆங்குள்ள சிவாலயத்தைப் போன்ற தொல்கோயில்களுக்கு நிலம் ஈந்த நம் முன்னோர், ஈந்தார் யார், ஏற்றார் யார், நிபந்தனை யாது என்பனவற்றைக் கல்லில் வெட்டி வைத்தனர். ஈகையாயினும் எழுத்து வேண்டும் என்பது அவர் கொள்கை. கணினி மென்பொருளின் உரிமமும் இத்தகைய எழுத்தேயாம்.

சென்ற கோடையில் அவ்வூர்ப் பக்கத்தில், ஓர் அறநிலையத்தார் ஏழைச் சிறார்க்கு நடத்தும் மாலைப் பள்ளியைக் கண்டோம். அன்பர் ஒருவர் நன்கொடையாக அளித்த 8 கணினிகள் ஆங்கிருந்தன. திரைதோறும், விண்டோஸ் செயற்படுத்தப்படவில்லை என்னும் வாசகம் மூலையில் நின்றது. "கடைத்தெருவில் ஒருவர் குறுக்குவழி மென்பொருள் தருகிறார், நொடியில் இவ்வெழுத்து மறையுமாம். தருமத்திற்குத்தானே, ஐயா?" என்றார் பொறுப்பாளர். அவருக்கு யாம் உரைத்த விடையையே ஈண்டு எழுதுகின்றோம்.

செயற்படுத்தல் என்பது யாது? 25 எழுத்தும் எண்ணும் கொண்ட திறவெண்ணையும், கணினியின் உறுப்புகளினின்று கணித்த ஓர் அடையாளத்தையும் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு அனுப்பி, ஒப்புதல் பெறுதலாம். 2001-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் இம்முறை பரவலாயிற்று. தாய்ப்பலகையை மாற்றின், கணினி புதிதெனக் கருதப்பட்டு, மீண்டும் ஒப்புதல் வேண்டியதாகும்.

நிறுவனங்கட்குரிய தொகுதி உரிமத்தில் இருவழிகள் சிறப்பானவை. ஒன்று, நிறுவனத்தினுள்ளேயே ஒரு கணினியைத் தலைமையாக அமைத்து, ஏனையவற்றை அதனிடம் ஒப்புதல் பெறச் செய்தல். இதற்குக் குறைந்தது 25 கணினிகள் வேண்டும். 180 நாட்களுக்குள் ஒப்புதலைப் புதுப்பித்தலும் வேண்டும். மற்றொன்று, ஒரே திறவெண்ணைக் குறித்த தொகைவரை பல கணினிகளில் வழங்குதல். ஒவ்வொரு முறை செயற்படுத்தும்போதும் அத்தொகை குறையும். ஆதலின் கணக்கேடு இன்றியமையாதது. எட்டே கணினியுடைய பள்ளிக்குப் பின்னதே பொருந்தும் என்பது வெளிப்படை.

நிற்க. அறநிலையங்கட்கு மென்பொருளைச் சலுகையிற் பெறும் வாயில் உண்டு. 1987-இல் அமெரிக்காவில் தோன்றிய டெக்சூப் போன்ற அமைப்புகள், பதிவுச் சான்றுகளை ஆராய்ந்து தகுதியை உறுதி செய்கின்றன. ஆயின் ஈண்டொரு நுட்பம் உண்டு. விண்டோஸின் தொகுதி உரிமம் மேம்பாட்டுரிமமே. அடிப்படை உரிமம் ஏற்கெனவே அக்கணினிக்கு இருத்தல் வேண்டும். அடித்தளமின்றி மாடி எழுப்பலாகாதன்றோ?

குறுக்குவழி மென்பொருளால் வருங்கேடு பெரிது. காப்பு மென்பொருளை அணைத்துவிட்டே அதனை நிறுவுமாறு கூறுவர். வாயிற்காவலனை உறங்கவைத்த பின் நுழைபவன் யாவன் என்பதை யாரறிவார்? சிறாரின் பெயரும், முகவரியும், நன்கொடைக் கணக்கும் அயலார் கைப்படலாம். சட்டமும் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, அறிந்தே களவுப்படியைக் கணினியில் வழங்குவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. இலாப நோக்கமின்றேல் சிறையை விலக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. எனினும் குற்றம் குற்றமே.

பொருளில்லார்க்கு வழியில்லையோ எனின், உண்டு. சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளத்திற்குத் திறவெண்ணும் வேண்டா, கட்டணமும் வேண்டா, தமிழிலும் இயங்கும்.

முடிவில், பொறுப்பாளர் கணினிகளைத் திருப்பி நோக்கினார். ஆறன் முதுகில் மூல உரிமச் சீட்டு ஒட்டியிருந்தது; இரண்டிற்கு இல்லை. ஆறிற்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினார். இரண்டில் பாஸ் நிறுவப்பெற்றது. பள்ளி இரு வாரம் தாழ்த்தே திறந்தது. சிறார் அதற்கு வருந்தினரேனும், அவர்கள் கற்ற முதற்பாடம் நேர்மையேயாயிற்று என்பது எம் துணிபு.