உப்புக்கு தடா... நாக்கு கேட்குமா? வீக்கம் வந்த குழந்தைக்கு சமைப்பது எப்படி

சென்னை:
காலையில் எழுந்ததும் குழந்தையின் கண் இமைகள் வீங்கி இருக்கும். 'ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்' என்று விட்டு விடுவார்கள். சாயங்காலம் வடிந்து விடும். சில நாட்களில் முகம், கால், வயிறு எல்லாம் உப்பி விடும். பக்கத்து வீட்டுக்காரர்களோ, 'பையன் நல்லா சதை போட்டுட்டானே' என்பார்கள்.

அது சதை இல்லை, நீர்!

'நெப்ராட்டிக் சிண்ட்ரோம்' என்ற சிறுநீரக கோளாறு இப்படித்தான் ஆரம்பிக்கும். 2 வயது முதல் 6 வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. சிறுநீரகத்தில் உள்ள வடிகட்டி ஒழுக ஆரம்பித்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய் விடுகிறது. சிறுநீர் நுரை நுரையாக போகும். உடம்போ உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக் கொள்ளும். உப்பு தங்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். அதனால்தான் வீக்கம் வடியும் வரை உப்பை குறைக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

பசியை தூண்டும் மருந்து

இங்கேதான் வீட்டில் போராட்டம் ஆரம்பம். இதற்கு கொடுக்கும் முக்கிய மருந்தான 'பிரெட்னிசலோன்' என்ற ஸ்டீராய்டு, பசியை பயங்கரமாக கிளப்பி விடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே 'பசிக்குதும்மா' என்று குழந்தை வந்து நிற்கும். கேட்பதோ சிப்ஸ், முறுக்கு, மிக்சர். பசிக்கு பயந்து மருந்தை நிறுத்துவதோ, குறைப்பதோ கூடாது. திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

பொரி (உப்பு சேர்க்காதது), வாழைப்பழம், வேக வைத்த வேர்க்கடலை, இனிப்பு குறைவான கேழ்வரகு கூழ் என்று எதையாவது தயாராக வைத்திருந்தால் பாதி அழுகை அடங்கும். பருப்பு, முட்டையை நிறுத்த வேண்டாம். 'புரதம்தானே ஒழுகுது, அதனால புரதமே கூடாது' என்று சிலர் தப்பாக நினைக்கிறார்கள். வயதுக்கு தேவையான புரதம் குழந்தைக்கு கண்டிப்பாக வேண்டும்.

மாவை தனியே எடுங்க

ஒரு குழந்தைக்காக தனி சமையல் எந்த வீட்டிலும் நாலு நாளைக்கு மேல் நடக்காது. சுலபமான வழி, எல்லோருக்கும் உப்பு போடாமல் சமைத்து, குழந்தையின் பங்கை எடுத்த பிறகு மற்றவர்களுக்கு உப்பு போடுவது. இட்லி மாவிலும் அப்படித்தான். அரைத்ததும் ஒரு கிண்ணம் மாவை தனியாக எடுத்து வைத்து விட வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு உப்பு இல்லாமலே மாவு புளித்து விடும்.

குழந்தைக்கு எவ்வளவு உப்பு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த அளவை காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அன்றைக்கு அதிலிருந்து மட்டும் எடுத்தால் கணக்கு தப்பாது. சாதத்தில் கலக்காமல், பொரியல் மேலே லேசாக தூவினால் கொஞ்ச உப்பே நாக்குக்கு நன்றாக தெரியும். எலுமிச்சை, தக்காளி, சீரகம், பூண்டு, கொத்தமல்லி சேர்த்தால் சப்பென்று இருக்காது.

ஒளிந்திருக்கும் உப்பு

ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு ஆகியவற்றில் உப்பு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிஸ்கெட், பன், ரொட்டியில் இருப்பதுதான் தெரிவதில்லை. இனிப்பு பிஸ்கெட்டிலும் சோடியம் உண்டு. பஜ்ஜி, போண்டாவில் போடும் ஆப்ப சோடாவும், அஜினமோட்டோவும் சோடியம்தான். இரண்டு நிமிஷ நூடுல்ஸ் மசாலா பாக்கெட்டை கேட்கவே வேண்டாம்.

பாக்கெட்டை திருப்பிப் பார்த்தால் சோடியம் அளவு மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு கணக்கு வந்து விடும். உதாரணத்துக்கு, 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், 50 கிராம் பாக்கெட்டில் 400 மில்லிகிராம். அதாவது 1 கிராம் உப்பு. பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு குறைவாகத்தான் உப்பு சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

'இந்துப்பு போடுங்க, ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பு இன்னும் வம்பு. அதில் சோடியத்துக்கு பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக கோளாறு இருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதய துடிப்பையே பாதிக்கலாம். 2025-ல் இந்த மாற்று உப்புகளை பற்றி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையும் குழந்தைகளுக்கும், சிறுநீரக நோயாளிகளுக்கும் பொருந்தாது.

எத்தனை நாளைக்கு?

உப்பை அடியோடு நிறுத்துவதும் தப்பு. சாப்பாடே வேண்டாம் என்று குழந்தை ஒதுங்கி விடும். வாந்தி, பேதி வந்தால் நிலைமை மோசமாகும். காய்ச்சல், வயிற்று வலி, மூச்சு திணறல், சிறுநீர் குறைவது என எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

தினமும் காலை முதல் சிறுநீரை பரிசோதனை பட்டையில் பார்த்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தொடர்ந்து 3 நாள் புரதம் இல்லை அல்லது லேசான தடயம் மட்டும் என்று வந்தால் நோய் அடங்கி விட்டதாக அர்த்தம். வீக்கமும் வடிந்து விட்டால், டாக்டரிடம் கேட்டு வீட்டு சாப்பாட்டுக்கே திரும்பி விடலாம். சிப்ஸும் ஊறுகாயும் மட்டும் அளவோடு. தொடர்ந்து 3 நாள் 3 பிளஸ் காட்டினால் நோய் திரும்பி விட்டது என்று அர்த்தம். பல குழந்தைகளுக்கு இப்படி திரும்பி வருவது உண்டு. அப்போது நோட்டோடு டாக்டரிடம் போக வேண்டும். சின்ன டப்பாவையும் மறுபடி எடுக்க வேண்டும்.