தூதர் ஒருவரா, இருவரா?

பள்ளிப்பட்டில் வாழ்வோருக்கு எல்லை என்பது பாடநூலில் மட்டும் காணும் சொல் அன்று. ஊரைக் கடந்து சிறிது தொலைவு சென்றாலே ஆந்திர மாநிலம் வந்துவிடும். 1960 ஏப்ரல் முதல் நாள் வரை இவ்வட்டாரமும் திருத்தணியும் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தவையே. ம.பொ. சிவஞானம் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டமும், படாஸ்கர் வகுத்த பரிந்துரையும் நம்மை இந்தப் பக்கம் சேர்த்தன. எது உள்ளே, எது வெளியே என்ற வழக்கை இவ்வூர்ப் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். கோடு கிழித்த பின்னரும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இருபுறமும் நடந்தேறி வருகின்றன.

அண்மையில் ஒரு மாலை, பாடற்குழுப் பயிற்சிக்காகக் காத்திருந்த இளைஞர் சிலர் கோயில் தாழ்வாரத்தில் காரசாரமாக வாதிட்டுக் கொண்டிருந்தனர். அதுவும் ஓர் எல்லை வழக்கே. ஆனால் அது மண்ணைப் பற்றியதன்று, விண்ணைப் பற்றியது! முதலில் பேச்சு 2024 ஜூன் 27-ல் வெளிவந்த 'கல்கி 2898 ஏ.டி.' என்னும் தெலுங்குப் படத்தில் தொடங்கியது. பாரதப் போரின் அசுவத்தாமனை எதிர்காலத்திற்குக் கொண்டுவந்து, முடிவில் நாயகனையே கர்ணன் எனக் காட்டும் படம் அது. பாரதத்துக் கர்ணனுக்கு இது பொருந்துமா என்று ஒருவர் கேட்க, படத்தைப் படமாகப் பார் என்று மற்றவர் மடக்க, பேச்சு மெல்ல 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்குத் தாவியது.

1977-ல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய விண்வெளிக் கதை அது. முதற்படத்தில் ஓபி-வான் என்னும் முதியவர், "உன் தந்தையை வேடர் கொன்றான்" என்ற பொருள்பட லூக் என்ற இளைஞனிடம் சொல்கிறார். 1980-ல் வந்த அடுத்த படத்திலோ, வேடரே அவன் தந்தை என வெளிப்படுகிறது. 1983-ல் வந்த படத்தில் அம்முதியவர், தாம் சொன்னதும் ஒரு நோக்கில் உண்மையே என்று சமாளிக்கிறார். அதே படத்தில் லூக்கின் உடன்பிறந்தாளான லேயா, தன்னைப் பெற்ற தாயின் முகம் ஓரளவு நினைவிருப்பதாகக் கூறுகிறாள். 2005-ல் வந்த படமோ, இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற அப்பொழுதே அத்தாய் இறந்ததாகக் காட்டுகிறது. அப்படியானால் லேயா நினைவுகூர்ந்தது யாரை?

இந்த வினாவை எழுப்பிய இளைஞரை நான் நன்கு அறிவேன். விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளை. அவர் வினாவோடு நிற்கவில்லை. வளர்ப்புத் தாயின் நினைவாக இருக்கலாம். பிறவியிலேயே அவளுக்கு வாய்த்த ஆற்றலாக இருக்கலாம். அல்லது கதை எழுதியவரே மறந்திருக்கலாம் என மூன்று விடைகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் பொறுமையாக எடைபோட்டார். அறை வாயிலில் நின்று கேட்டுக் கொண்டிருந்த என் நெஞ்சில் முள் தைத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பாஸ்கா காலத்து மறைக்கல்வி வகுப்பில் இதே பிள்ளை எழுந்து நின்று, "சாமி, ஆண்டவருடைய கல்லறையில் இருந்த தூதர் ஒருவரா, இருவரா?" என்று கேட்டான். நல்ல வினா. மத்தேயு ஒரு வானதூதரைக் காட்டுகிறார். மாற்கு வெண்ணாடை அணிந்த இளைஞர் ஒருவரைக் கூறுகிறார். லூக்கா மின்னும் ஆடையில் இருவரைக் கூறுகிறார். யோவானும் இருவர் என்கிறார். நானோ அன்று, "விசுவாசத்தோடு படி, தம்பி. குறை கண்டுபிடிக்கப் படிக்காதே" என்று அதட்டி உட்கார வைத்தேன். அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை. பாடற்குழுவுக்கு வருவான், விவிலியத்தைத் திறந்து நான் கண்டதில்லை.

கேள்வி கேட்கும் குணம் அவனை விட்டுப் போகவில்லை என்பதை அந்த மாலைதான் உணர்ந்தேன். எங்கே மதிப்பு கிடைத்ததோ அங்கே அது குடியேறியிருந்தது.

அன்பு வாசகர்களே, இவ்விளைஞர்கள் தம் வாதத்தில் அடிக்கடி 'கேனன்' என்றொரு சொல்லை வழங்குகிறார்கள். ஒரு கதைத் தொடரில் எவை அதிகாரபூர்வமானவை, எவை அல்ல என்பதைக் குறிக்கும் சொல் அது. 2012-ல் லூகாஸின் நிறுவனத்தை டிஸ்னி விலைக்கு வாங்கியது. 2014 ஏப்ரல் 25 அன்று, அதுவரை வெளிவந்திருந்த நாவல்களும் சித்திரக் கதைகளும் இனி அதிகாரபூர்வக் கதையில் சேரா என்றும், அவை 'லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் தனியே நிற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. பல்லாண்டுகளாக அவற்றைப் படித்து நேசித்தவர்கள் தம் வீடு எல்லைக்கு வெளியே போய்விட்டது போல் வருந்தினர்.

இச்சொல் நம் வீட்டிலிருந்து சென்ற சொல் என்பதைச் சிலரே அறிவர். கிரேக்க மொழியில் 'கனோன்' என்றால் அளவுகோல். எவை இறைநூல்கள் என்று அளந்து காட்டும் பட்டியலுக்குத் திருச்சபை இட்ட பெயர் அது. தமிழில் நாம் திருமுறை என்கிறோம். சைவ அன்பர்களும் தம் நூல்களைப் பன்னிரு திருமுறை என்றே வழங்குகின்றனர். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் புனித அத்தனாசியுஸ் கி.பி. 367-ல் எழுதிய மடலில் வரிசைப்படுத்தினார். 1546-ல் திரிதெந்தின் பொதுச்சங்கம் கத்தோலிக்க விவிலியத்தின் நூற்பட்டியலை உறுதி செய்தது. நம் விவிலியத்தில் 73 நூல்கள். பிரிந்த சகோதரர் விவிலியத்தில் 66.

கதைகளுக்கு இச்சொல் பரவியதிலும் ஒரு குருவுக்குப் பங்குண்டு. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் மருத்துவர் வாட்சனுக்குக் குண்டடி பட்டது 1887-ல் வந்த கதையில் தோளில். 1890-ல் வந்த கதையில் காலில்! இத்தகைய முரண்களை விவிலிய ஆய்வாளரின் பாணியில் அலசி, அவ்வாய்வு முறையையே நகையாடி, ரொனால்ட் நாக்ஸ் என்பவர் 1911-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். அவரே 1917-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து குருவானார். பின்னாளில் விவிலியம் முழுவதையும் தாம் ஒருவராகவே ஆங்கிலத்தில் பெயர்த்தார். முரண்களை விளையாட்டாய்த் தேடிய கூரிய கண், இறைவார்த்தையின் ஒவ்வொரு வரியிலும் உழைத்தது.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். கதையில் ஓட்டை தெரிந்தால் அதன் உரிமையாளர் அடைத்துவிடலாம். லூகாஸ் தம் முதற்படத்தையே 1997-ல் திருத்தி வெளியிட்டார். முதற்படத்தில் மாபெரும் போர்க்கோள் ஒரு சிறு துளையின் வழியே அழிந்தது எப்படி என்று ரசிகர்கள் நெடுங்காலம் கேலி செய்தனர். அத்துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டது என விளக்க 2016-ல் ஒரு தனிப்படமே வந்தது. நற்செய்தியிலும் இப்படிச் செய்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் பின்னி ஒரே நூலாக்கினார். சிரியத் திருச்சபைகளில் அது நெடுநாள் வாசிக்கப்பட்டது. ஆயினும் ஐந்தாம் நூற்றாண்டில் தெயொதரேத்து என்னும் ஆயர், தம் மறைமாவட்டத்திலிருந்த அந்நூலின் 200-க்கும் மேற்பட்ட படிகளை அகற்றி, நான்கு நற்செய்திகளையே மீண்டும் வைத்தார். முரண்போல் தோன்றுபவற்றை மறைக்க எளிய வழி கையில் இருந்தும் திருச்சபை அதனை ஏற்கவில்லை.

ஏன்? நான்கு சாட்சிகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாகப் பேசினால் நீதிபதி ஐயுறுவார். சொல்லிக் கொடுத்த சாட்சி என்பார். கல்லறை வெறுமையாயிருந்தது, பெண்கள் சென்றனர், ஆண்டவர் உயிர்த்தார் என்பதில் நால்வரும் ஒருமிக்கின்றனர். எத்தனை தூதர் என்பதில் ஒவ்வொருவரும் தாம் பெற்றதைச் சொல்கின்றனர். நற்செய்தியாளர்கள் பெற்றவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, தம் மக்களின் நிலைக்கேற்பத் தொகுத்தனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் தெளிவாகவே கூறியுள்ளது. குருமடத்தில் இதனை நான் பயின்றவன். பயின்றதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் அதட்டினேனே, அதுதான் என் குறை.

மறுநாள் அந்த இளைஞரை அழைத்தேன். "தம்பி, நீ கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. தவறு என்னுடையது" என்றேன். அவர் சற்றுத் திகைத்து, "எந்தக் கேள்வி சாமி?" என்றார். பிறகு அவருக்கே நினைவு வந்தது. நான்கு நற்செய்திகளின் இறுதி அதிகாரங்களை மேசையில் அருகருகே விரித்து வைத்தோம். தறியில் இழை அறுந்தால் அதை முதலில் காண்பவன் துணியை அறிந்தவன் அல்லவா? அவர் கண்ணும் அப்படியே வேலை செய்தது. நான் கவனித்திராத வேறுபாடு ஒன்றையும் அவர் காட்டினார்: மாற்கில் பெண்கள் அஞ்சி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, மத்தேயுவில் அச்சத்தோடும் மகிழ்ச்சியோடும் சீடருக்கு அறிவிக்க ஓடுகின்றனர். எல்லா வினாவுக்கும் அன்று விடை கண்டோம் என்று சொல்ல மாட்டேன். புறப்படும்போது, "அடுத்த வாரம் யூதாசின் சாவு பற்றிக் கேட்கலாமா சாமி?" என்றார். மத்தேயுவும் திருத்தூதர் பணிகளும் அதை வெவ்வேறாகக் கூறுகின்றன என்பதை அவர் முன்னரே கண்டு வைத்திருக்கிறார்!

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை நற்செய்தியில் ஒரு முடிச்சைக் காட்டினால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். பங்குக் குருவிடம் அழைத்து வாருங்கள். அக்கறை இல்லாதவன் தூதர்களை எண்ண மாட்டான்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் இப்போது நாங்கள் அறுவர் கூடுகிறோம். யூதாசின் கேள்வி இன்னும் முடியவில்லை.