முறைமாற்றுப் போர் விளையாட்டுகளில் எதிர்வினை விதிகள்: புறத்திணை மரபின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கணினிப் பாத்திர விளையாட்டுகள் பலவற்றில் இரு தரப்பினரும் மாறி மாறிப் போரிடுகின்றனர். ஒருவரது முறையின் இடையில் மற்றவர் ஆற்றும் செயல் எதிர்வினை எனப்படும். எதிர்ச்செயல் வினையின் பகுதியா, தனி வினையா என்னும் வினாவைத் தமிழ்ப் புறத்திணை இலக்கணங்கள் முன்னரே எதிர்கொண்டுள்ளன. அவ்வெளிச்சத்தில் எதிர்வினை விதிகளின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எதிர்வினை, முறைமாற்று விளையாட்டு, புறத்திணை, கரந்தை, ஆடுபுலி ஆட்டம்.

முன்னுரை

முறைமாற்று விளையாட்டின் அடிப்படைச் சிக்கல் காத்திருப்பு. எதிரி செயற்படும்போது ஆட்டக்காரர் வெறும் பார்வையாளராகிறார். தாயத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். காய் வெட்டுப்பட்டவர் உடனே எதுவும் செய்ய இயலாது. வெட்டியவருக்கோ பல ஊர் வழக்குகளில் மேலும் ஒருமுறை உருட்டும் உரிமை கிடைக்கிறது. இந்தக் காத்திருப்பைக் குறைப்பதே எதிர்வினை விதியின் நோக்கமாகும்.

இலக்கணிகளின் இருவேறு நெறிகள்

தொல்காப்பியம் ஆநிரை கவர்தலை வெட்சி என்கிறது. நிரை மீட்டலாகிய கரந்தையை அது தனித்திணையாக்காமல் வெட்சியுள் அடக்குகிறது. மதில் முற்றுதலும் காத்தலும் உழிஞை என்னும் ஒரே திணையில் அமைகின்றன. பிற்காலத்து ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் வெட்சிக்கு எதிராகக் கரந்தையும், வஞ்சிக்கு எதிராகக் காஞ்சியும், உழிஞைக்கு எதிராக நொச்சியும் தனித்தனித் திணைகளாக நிற்கின்றன. முதல் நெறியில் எதிர்ச்செயல் வினையின் மறுபாதி. இரண்டாம் நெறியில் அது தனக்கெனப் பெயரும் இலக்கணமும் உடைய வினை. விளையாட்டு வடிவமைப்பாளர் முதலில் தேர்ந்துகொள்ள வேண்டியதும் இவ்விரண்டில் ஒன்றையே.

எதிர்வினையின் மூன்று உறுப்புகள்

எந்த எதிர்வினை விதியிலும் தூண்டல், செலவு, விளைவு என மூன்று உறுப்புகள் உள்ளன. எது நிகழ்ந்தால் எதிர்வினை எழும், அதற்காக எதனை இழக்க வேண்டும், அதனால் என்ன மாறும் என்பனவே அவை.

1994இல் வெளிவந்த 'யூஎஃப்ஓ: எனிமி அன்நோன்' விளையாட்டில், தன் முறையில் செலவிடாது எஞ்சிய நேர அலகுகளைக் கொண்டே வீரன் எதிரியின் முறையில் சுட முடியும். 2012இல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' இதனை எளிமையாக்கியது. வீரன் இப்போது சுடுவதைக் கைவிட்டுக் காவல் நிலையில் நிற்கிறான். எதிரி அசைந்ததும் சுடுகிறான். ஆயின் குறி தவறும் வாய்ப்புக் கூடுதல். இங்குச் செலவு முன்கூட்டியே செலுத்தப்படுகிறது.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு ஓர் எதிர்வினையே தருகிறது. 2023இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 3' இவ்விதியைக் கணினிக்குக் கொணர்ந்தது. எதிர்வினை தானே நிகழ வேண்டுமா, ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரரைக் கேட்க வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யலாம். இவ்வாறு அளவும் விலையும் உடைய எதிர்வினை வெண்பாமாலை நெறிக்கு நெருக்கமானது.

பிரெஞ்சு நிறுவனமொன்று உருவாக்கி 2025இல் வெளிவந்த 'கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' மறு முனையில் நிற்கிறது. எதிரியின் அடி விழும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் அடி தடுக்கப்படும். ஒரு தாக்குதலின் எல்லா அடிகளையும் தடுத்தால் எதிரடி பிறக்கும். முறையை இழக்க வேண்டியதில்லை, கைத்திறனே விலை. எதிரியின் வினைக்குள்ளேயே எதிர்ச்செயல் அடங்குவதால் இது தொல்காப்பிய நெறியை ஒத்தது. எனினும் விரல் விரைவு குறைந்தோரை இவ்வமைப்பு விலக்கக்கூடும். தடுக்கும் கால அளவை விரிக்க இடமளிப்பது இன்றியமையாதது.

நிலையே எதிர்வினையாதல்

ஆடுபுலி ஆட்டம் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. புலி ஆட்டைத் தாண்டி வெட்டுவதற்கு அப்பாலுள்ள புள்ளி காலியாக இருக்க வேண்டும். அங்கே இன்னோர் ஆடு நின்றால் வெட்டு நிகழாது. புலியின் முறையில் ஆடு எதுவும் செய்வதில்லை. ஆயினும் முன்பு எடுத்து வைத்த காய் இப்போது காக்கிறது. ஆட்டத்தை நிறுத்தாத இவ்வமைப்புச் சிறு திரைகளுக்கும் விரைவான ஆட்டங்களுக்கும் ஏற்றது.

நிபந்தனையும் இடைவெளியும்

செங்கல்பட்டு மாவட்டத்துச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பெயர் தந்தவர் பாடலாத்ரி நரசிம்மர். நரசிம்மக் கதையில் இரணியன் பெற்ற வரம் நிபந்தனைகளால் ஆன காப்பு: மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டின் உள்ளும் புறமும் இறப்பில்லை. அந்தியும் வாயிற்படியும் மனிதச் சிங்க உருவும் அந்நிபந்தனைகளின் இடைவெளிகள். எதிர்வினை விதிக்கும் இது பொருந்தும். எல்லாத் தூண்டலுக்கும் எழும் காப்பு, தாக்குபவரின் முறையைப் பொருளற்றதாக்குகிறது. சிந்தித்துக் கண்டறியத்தக்க இடைவெளி இருந்தால்தான் இரு தரப்பும் விளையாட இயலும்.

முடிவுரை

எதிர்வினை மிகுந்தால் முறை என்னும் அமைப்பே குலைகிறது. அறவே இல்லையெனில் காத்திருப்பவர் ஆட்டத்திலிருந்து விலகுகிறார். செலவு, நிலை, கைத்திறன் ஆகிய மூன்றில் எதனால் எதிர்வினையை வரையறுப்பது என்பதே வடிவமைப்பின் மையத் தேர்வு. தமிழில் விளையாட்டு வடிவமைப்பைக் கற்பிக்க முனைவோர் கலைச்சொற்களை முற்றிலும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. வெட்சிக்குக் கரந்தை, உழிஞைக்கு நொச்சி என்னும் இணைகள், தாக்கலும் தடுத்தலும் எவ்வாறு ஒன்றையொன்று வரையறுக்கின்றன என்பதை மாணவருக்கு உணர்த்தவல்லவை.