சேலம் – சென்னை வான்வழித் தொலைவு

சேலம் – சென்னை வான்வழித் தொலைவு என்பது சேலம் மாவட்டம் காமலாபுரத்தில் அமைந்துள்ள சேலம் வானூர்தி நிலையத்துக்கும் சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையத்துக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவைக் குறிக்கும். இது ஏறத்தாழ 265 கி.மீ. (143 கடல் மைல்) ஆகும். இத்தடத்தில் பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி என அட்டவணைகளில் குறிக்கப்படுகிறது.

தொலைவைக் கணித்தல்

புவிப்பரப்பில் இரு இடங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய வழி, அவற்றின் ஊடாகச் செல்லும் பெருவட்டத்தின் வில்லாகும். குறுகிய தொலைவுகளுக்குப் பைத்தகரசு தேற்றமே போதுமானது. காமலாபுரம் 11.783° வடக்கு, 78.066° கிழக்கிலும், சென்னை நிலையம் 12.994° வடக்கு, 80.171° கிழக்கிலும் உள்ளன. அகலாங்கு வேறுபாடு 1.211 பாகை, பாகைக்கு 110.6 கி.மீ. எனக் கொண்டால் 134 கி.மீ. நெட்டாங்குக் கோடுகள் துருவங்களை நோக்கி நெருங்குவதால், இப்பகுதியில் ஒரு பாகை நெட்டாங்கு சுமார் 108.7 கி.மீ. மட்டுமே. எனவே 2.105 பாகை வேறுபாடு 229 கி.மீ. ஆகிறது. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டால் கர்ணம் 265 கி.மீ.

சென்னை – இலண்டன் (சுமார் 8,200 கி.மீ.) போன்ற நெடுந்தொலைவுகளுக்கு இம்முறை பொருந்தாது. தட்டையான நிலப்படத்தில் அப்பெருவட்டம் வடக்கே வளைந்து தோன்றும்.

பயண நேரம்

சேலம் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர். இங்கு ஏடிஆர் 72 வகைச் சுழல்விசிறி வானூர்திகள் இயக்கப்படுகின்றன. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் 265 கி.மீ. கடக்க 32 நிமிடங்கள் போதும். எனினும் தரையில் ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குமுறைக்காகச் சுற்றி வருதல் ஆகியவை சேர்வதால் நேரம் ஏறத்தாழ இருமடங்காகிறது.

அயோத்தியாப்பட்டணத்தவருக்கு இக்கணக்கு இன்னும் மாறும். இவ்வூர் சேலம் நகருக்குக் கிழக்கே, வாழப்பாடி, ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலைத் தடத்தில் உள்ளது. அதாவது காமலாபுரத்தைவிடச் சென்னைக்குச் சில கிலோமீட்டர் அருகில். வானூர்தி ஏற விரும்புபவர் முதலில் நகரைக் கடந்து மேற்கே சுமார் 30 கி.மீ. எதிர்த்திசையில் செல்ல வேண்டும். அதற்கு ஒரு மணி, முன்கூட்டியே வந்து காத்திருத்தல் ஒன்றரை மணி, பறத்தல் ஒரு மணி, பொதிகளைப் பெற்று வெளிவர அரை மணி என நான்கு மணி நேரம் ஆகிறது. மகிழுந்தில் சென்னை நிலையம் வரையிலான 300 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்குச் சுமார் ஐந்து மணி. மிச்சமாவது ஒரு மணியே.

தொலைவு கூடும்போதுதான் வானூர்தியின் பயன் தெளிவாகும். சென்னை – சிங்கப்பூர் 2,900 கி.மீ.; பறக்கும் நேரம் சுமார் நான்கு மணி. நெடுந்தொலைவில் காற்றும் கணக்கில் சேர்கிறது. மேலடுக்கின் மேலைக்காற்று எதிர்ப்பதால், சென்னையிலிருந்து இலண்டன் செல்வதற்கு, அங்கிருந்து திரும்புவதைக் காட்டிலும் பெரும்பாலும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

சேவை வரலாறு

சேலம் நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. கிங்ஃபிஷர் நிறுவனம் 2009 முதல் 2011 வரை சென்னைக்குச் சேவை நடத்தியது. பின்னர் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் நிறுவனம் 2018 மார்ச் 25 அன்று தொடங்கிய சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் சேலத்திலிருந்து வானூர்திகள் மீண்டும் பறக்கத் தொடங்கின. இண்டிகோ நிறுவனம் சென்னைத் தடத்தை மேற்கொண்டது. சேவையற்ற இடைக்காலங்களிலும் தொலைவு 265 கி.மீ.யாகவே இருந்தது, பயணிகளோ சாலையையும் இருப்புப்பாதையையும் நம்பியிருந்தனர்.